லண்டன் குழாய்த் தண்ணீரில் 20 லிட்டர் பிட்டர்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குகிறவர்கள் முதலில் காசைக் கொட்டுவது பளபளக்கும் எஃகுப் பாத்திரத்தில்தான். ருசியைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: தண்ணீரின் காரத்தன்மை, ஈஸ்ட் போட்ட முதல் நான்கு நாள் வெப்பநிலை. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் வாளியில் புளித்த பீர்கூட நன்றாக வரும். விட்டுவிட்டால் எந்தப் பாத்திரமும் காப்பாற்றாது. இங்கே சொல்லியிருப்பது 20 லிட்டர் பிட்டருக்கான, அதாவது கசப்பு தூக்கலான ஆங்கில ஏல் ரக பீருக்கான கணக்கு. கடினநீர் வரும் லண்டன் வீடுகளை மனத்தில் வைத்துப் போட்டது.

காய்ச்சுவது என்றதும் நமக்கு ஊறல் பானையும் வாலைக் குழாயும் நினைவுக்கு வரும். பீரில் வடிப்பு கிடையாது, கொதிப்பும் நொதிப்பும் மட்டும்தான். பிரிட்டனில் 1963 முதல் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. ஆனால் விற்கக் கூடாது. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்குள் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம், எனவே ஊருக்குப் போகும்போது இந்த ஆசையை இங்கேயே விட்டுவிட்டுப் போகவும்.

சாமான்கள்

36 முதல் 40 லிட்டர் பிடிக்கும் ஒரு பாத்திரம். சமையலறை கேஸ் அடுப்பு இந்த அளவைத் தளதளவென்று கொதிக்க வைக்கத் திணறும். ஆகவே 3 கிலோவாட் சுருள் உள்ள மின்சாரக் கொதிகலன் நல்லது. 15 டிகிரியில் உள்ள 28 லிட்டரை 69 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு முக்கால் மணிக்குள் போதும். உள்ளே விரிக்க ஒரு பெரிய வலைத்துணிப் பை. இது மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு, வடிகட்டி, பாலுக்கு வடிதுணி மாதிரி. குளிரவைக்கச் சுமார் 10 மீட்டர் செம்புச் சுருள். நொதிக்க 25 முதல் 30 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி அல்லது கலன், அதில் வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக். திரவத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர், அளவு உருளை, சைஃபன், பாட்டில் நிரப்பும் குச்சி, மூடி அழுத்தும் கருவி. உப்புகளை நிறுக்க 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு, அமிலத்துக்கு ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு.

தெர்மாமீட்டர் வாங்கிய அன்றே சோதியுங்கள். நொறுங்கிய பனிக்கட்டி நீரில் 0, கொதிநீரில் 100 காட்ட வேண்டும். இரண்டு டிகிரி பொய் சொல்லும் தெர்மாமீட்டரால் கெட்ட மேஷ்கள் (வெந்நீரில் ஊறும் மால்ட்) ஏராளம். பழி மட்டும் ஈஸ்ட்டின் மேல் விழும்.

சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் தனித்தனி வேலைகள். அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட்டை லிட்டருக்கு 5 கிராம் வெந்நீரில் கரைத்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள். பிறகு ஸ்டார் சான் என்ற அமிலக் கிருமிநாசினி, லிட்டருக்கு 1.5 மி.லி., இரண்டு நிமிடம் நனைந்தால் போதும். அலச வேண்டாம், நுரை இருந்தாலும் கவலையில்லை. கடினநீரில் கலந்தால் சீக்கிரம் பால்போலக் கலங்கும். பி.எச். 3க்குக் கீழே இருக்கும்வரைதான் அதற்குச் சக்தி. சேமித்து வைக்க வேண்டுமென்றால் சுத்திகரித்த நீரில் கரைப்பது லாபம். கொதிநிலைக்கு முன் தொடும் எதையும் கிருமி நீக்கத் தேவையில்லை. கொதி இறங்கியபின் தொடும் எல்லாவற்றையும் நீக்கியே ஆக வேண்டும், உங்கள் கை உட்பட.

தண்ணீர்

லண்டனில் தேநீர் போட்டால் மேலே ஒரு பழுப்பு ஆடை படர்கிறதே, கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஒட்டுகிறதே, இரண்டுக்கும் காரணம் கால்சியமும் பைகார்பனேட்டும்தான். இதில் கால்சியம் நமக்கு நண்பன். பைகார்பனேட் தரும் காரத்தன்மைதான் எதிரி.

காரணம் இது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதாவது மேஷில், பி.எச். 5.2 முதல் 5.5 வரை இருந்தால் நொதிப்பிகள் (என்சைம்கள்) மாவுச்சத்தைச் சர்க்கரையாக ஒழுங்காக உடைக்கும். மால்ட்டில் உள்ள பாஸ்பேட்டுகள் கால்சியத்தோடு சேர்ந்து பி.எச்.சைக் கீழே இழுக்கும். பைகார்பனேட் அதை மேலேயே பிடித்து நிறுத்தும். வெளிர் மால்ட் மட்டும் போட்ட மேஷ் லண்டன் நீரில் 5.8 வரைகூட நிற்கலாம். அப்போது உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும், பீர் தெளியவும் மறுக்கும். கருக வறுத்த மால்ட் தானே அமிலத்தன்மை உள்ளது. அதனால்தான் கறுப்பு பீர்களான போர்ட்டருக்கு லண்டனும் ஸ்டவுட்டுக்கு டப்ளினும் பெயர்போயின. ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) நிறைந்த கிணற்று நீர் இருந்த இங்கிலாந்தின் பர்ட்டன்-அபான்-டிரெண்ட் ஊர், 1820களில் இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் பீர் வியாபாரத்தில் புகுந்து லண்டன்காரர்களை ஓரங்கட்டியதில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

ஒரே எண்ணில் இதைப் பார்க்க, 1953இல் கோல்பாக் தந்த எஞ்சிய காரத்தன்மைக் கணக்கு உதவும். கால்சியம் கார்பனேட்டாகச் சொல்லப்படும் காரத்தன்மையிலிருந்து, கால்சியத்தை 1.4ஆலும் மக்னீசியத்தை 1.7ஆலும் வகுத்து வருவதைக் கழியுங்கள். எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். காரத்தன்மை 240, கால்சியம் 112, மக்னீசியம் 5 என்றால் 240 − 80 − 3 = 157. வெளிர் நிறப் பிட்டருக்கு இது பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும்.

உங்கள் பகுதியின் கால்சியம் அளவு தண்ணீர் நிறுவனத்தின் வலைத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் கிடைக்கும். காரத்தன்மை பெரும்பாலும் அதில் இருக்காது, இருந்தாலும் பருவத்துக்குப் பருவம் மாறும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கார்பனேட் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக் காய்ச்சும் நாளில் பாருங்கள். அது காட்டும் ஜெர்மன் டிகிரியை 17.9ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய எண். வீட்டில் நீர் மென்மையாக்கி பொருத்தியிருந்தால் அதன் வழியே வரும் நீரை எடுக்காதீர்கள். அது நண்பனான கால்சியத்தைத் துரத்திவிட்டுச் சோடியத்தை உட்கார வைக்கும், காரத்தன்மையைத் தொடவே தொடாது.

முதல் வேலை, குழாய் நீரில் கிருமி கொல்லப் போட்டிருக்கும் குளோரினையும் குளோரமினையும் விரட்டுவது. 28 லிட்டருக்கு அரை கேம்ப்டன் (மெட்டாபைசல்பைட்) மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குளோரின் கொதிக்கையில் போய்விடும், குளோரமின் லேசில் போகாது. மிச்சம் இருந்தால் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வராந்தா வாடை வரும். இதைப் பின்னால் சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்தது காரத்தன்மை. இரண்டு வழி உண்டு.

ஒன்று, சி.ஆர்.எஸ். என்று கடைகளில் விற்கும் ஹைட்ரோகுளோரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவை. லிட்டருக்கு 1 மி.லி. சேர்த்தால் காரத்தன்மை 183 குறையும். 28.5 லிட்டரில் 240ஐ 40க்குக் கொண்டுவர 31 மி.லி. வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீரில் அமிலத்தை ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். புஸ்ஸென்று கரியமில வாயு வெளியேறும். இதிலேயே லிட்டருக்கு 95 மி.கி. போலச் சல்பேட்டும் 70 போலக் குளோரைடும் வந்துவிடுகின்றன, வேறு உப்பு பெரிதாகத் தேவைப்படாது.

இரண்டு, பாதிக்குப் பாதி எதிர்ச்சவ்வூடு முறையில் சுத்திகரித்த நீர். மீன்தொட்டிக் கடையிலேயே கேனில் பிடித்துத் தருவார்கள். கலந்ததும் காரத்தன்மை 120 ஆகும். அதில் 80 சதவீத லாக்டிக் அமிலம் 4 மி.லி. சேர்த்தால் 50க்குக் கீழே வரும். பிறகு ஜிப்சம் 5 கிராம், கால்சியம் குளோரைடு 3 கிராம். சல்பேட் கசப்பை மொறுமொறுவென்று நிறுத்தும், குளோரைடு மால்ட்டின் உருண்டையான சுவையைத் தூக்கும். அமிலம் முதலில், உப்பு பிறகு. ஜிப்சம் வெந்நீரைவிடக் குளிர்ந்த நீரில்தான் எளிதில் கரையும், ஆகவே அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டுக் கலக்கிவிடுங்கள்.

சுத்திகரித்த நீர் கலக்காமல் லாக்டிக் அமிலத்தை மட்டும் வைத்து 240ஐ இறக்கலாமே என்று தோன்றும். 11 மி.லி. தேவைப்படும். அவ்வளவு போனால் பீரில் தயிர்ப் புளிப்பு எட்டிப் பார்க்கும். வேண்டாம்.

காய்ச்சும் நாள்

மாரிஸ் ஒட்டர் வெளிர் மால்ட் 4.2 கிலோ, நடுத்தர கிரிஸ்டல் மால்ட் 200 கிராம். கடையிலேயே உடைத்து வாங்குங்கள். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக உடைந்திருக்க வேண்டும், உமி பெரும்பாலும் முழுசாக இருக்க வேண்டும். கோதுமை ரவையில் உமி கலந்தாற்போல இருந்தால் சரி. முழு மணிகள் நிறையத் தெரிந்தால் சர்க்கரை குறையும்.

28.5 லிட்டர் நீரை 69 டிகிரிக்குச் சூடாக்கிப் பையை விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். கேழ்வரகுக் கூழில் கட்டி தட்டாமல் கிளறுகிற அதே கைதான். வெப்பம் 66இல் வந்து நிற்கும். பத்து நிமிடம் கழித்து ஒரு கரண்டி எடுத்துச் சாஸரில் ஊற்றி அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு பி.எச். பாருங்கள். சூட்டோடு பார்த்தால் 0.3 போலக் குறைத்துக் காட்டும், மீட்டரின் முனையும் சீக்கிரம் பாழாகும். மீட்டரை அன்று காலையே 4.01, 7.00 கரைசல்களில் சரிபார்த்திருக்க வேண்டும். 5.3 அல்லது 5.4 என்றால் கையைக் கட்டிக்கொள்ளலாம். 5.6க்கு மேல் போனால் லாக்டிக் அமிலத்தை ஒவ்வொரு மி.லி.யாகச் சேருங்கள். இந்த அளவு மால்ட்டுக்கு ஒரு மி.லி. சுமார் 0.05 இறக்கும்.

மூடி, பழைய கம்பளியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். 63 டிகிரியில் ஊறினால் பீர் வறண்டு மெலிசாகும், 69இல் ஊறினால் இனிப்பும் கனமும் தங்கும். 66 நடுவழி. மணி முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிட்டு நன்றாகப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்று ஒரு பேச்சு உண்டு. துவர்ப்பு பி.எச்.சாலும் அதிகச் சூட்டாலும் வருவது, பிழிவதால் அல்ல. இப்போது சுமார் 25 லிட்டர் இனிப்பான மால்ட் சாறு இருக்கும். இதற்குப் பெயர் வோர்ட். ஆறவைத்துப் பார்த்தால் ஹைட்ரோமீட்டர் 1.039ஐ ஒட்டிக் காட்டும். 60 டிகிரி சூட்டிலேயே போட்டால் 15 புள்ளி (ஒரு புள்ளி 0.001) குறைத்துக் காட்டிப் பயமுறுத்தும்.

கொதி வரும் நேரம் அடுப்பை விட்டு நகராதீர்கள். பால் பொங்குவதுபோலத்தான், ஒரே நொடி. பழுப்பு நுரை ஏறி வரும்போது சூட்டைக் குறைத்துக் கரண்டியால் கலைத்துவிடுங்கள். சற்று நேரத்தில் நுரை அடங்கி, முட்டை ரசத்தில் மிதப்பதுபோலப் புரதத் துணுக்குகள் திரியும். அப்போது கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) ரக ஹாப்ஸ், கசப்பு தரும் ஆல்பா அமிலம் 5 சதவீதம் உள்ளது, 40 கிராம். மூடாமல் 60 நிமிடம் கொதிக்க வேண்டும். மூடினால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை தரும் கந்தகச் சேர்மம் வெளியேற முடியாமல் திரும்பப் பாத்திரத்திலேயே சொட்டும். கடைசி 15 நிமிடத்தில் இன்னும் 15 கிராம் ஹாப்ஸ், பீரைத் தெளியவைக்கும் புரோட்டாஃப்ளாக் மாத்திரை அரை, கூடவே செம்புச் சுருளையும் உள்ளே இறக்கிவிடுங்கள், கொதியிலேயே அது சுத்தமாகிவிடும். அடுப்பை அணைத்ததும் மணத்துக்காக 30 கிராம். பொட்டலத்தில் ஆல்பா அளவு வேறாக இருந்தால் முதல் அளவை மட்டும் அதற்கேற்ப மாற்றுங்கள். 6.5 என்றால் 31 கிராம் போதும்.

சுருளில் குழாய் நீரை ஓடவிட்டு 18 டிகிரிக்கு இறக்குங்கள். குளிர்காலத்தில் அரை மணிக்குள் ஆகும். ஆகஸ்டில் குழாய் நீரே வெதுவெதுப்பாக வரும். 24இல் நின்றுவிட்டால் கலனை மூடிக் குளிர்ப்பெட்டியில் சில மணி நேரம் வைத்துவிட்டு ஈஸ்ட் போடுவதே புத்திசாலித்தனம். அடியில் தங்கும் கசடை விட்டு 20 லிட்டரை நொதிக்கலனுக்கு மாற்றும்போது உயரத்திலிருந்து சளசளவென்று விழவிடுங்கள். பீருக்குக் காற்று நல்லதாக இருக்கும் ஒரே தருணம் இதுதான். எடுத்த மாதிரி 1.045 காட்ட வேண்டும். ஐந்து புள்ளி முன்பின் இருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈஸ்ட்டின் பத்து நாள்

உறை மோருக்குப் பாலின் சூடு எவ்வளவு முக்கியமோ அதே கணக்கு இங்கேயும். எஸ்-04 போன்ற உலர் ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பொட்டலம் ஒன்று, மேலாகப் பரவத் தூவி மூடுங்கள். கலக்கத் தேவையில்லை. பொட்டலத்தில் பாதியை அடுத்த முறைக்கு என்று மிச்சம் பிடிப்பது தப்பான சிக்கனம். கிருமிகளுக்கு முன்னால் ஈஸ்ட் பந்தியில் உட்கார்ந்துவிட வேண்டும், அதற்கு எண்ணிக்கை வேண்டும்.

12 முதல் 24 மணிக்குள் மேலே கெட்டியான நுரை எழும்பும். நொதிப்பு தானாகச் சூடு தரும். அறை 19 டிகிரி இருந்தால் கலனுக்குள் 22, 23 ஆகலாம். அறையின் தெர்மாமீட்டரை நம்பி இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது. உணர்கருவியைக் கலனின் பக்கவாட்டில் ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்துக் கட்டுங்கள். பழைய குளிர்ப்பெட்டி, 30 வாட் சூடாக்கும் பட்டை, இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கும் ஒரு வெப்பக் கட்டுப்படுத்தி. செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான். அது முடியாதவர்கள் கலனைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கலாம். குளிர்காலத்தில் தொட்டியில் மீன்தொட்டி ஹீட்டர், கோடையில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள்.

முதல் மூன்று நான்கு நாள் 18 முதல் 19க்குள் பிடியுங்கள். சுவையின் பெரும்பகுதி அப்போதுதான் உருவாகிறது. இந்தக் கட்டத்தில் 25ஐத் தொட்டால் நெயில்பாலிஷ் வாடை, காட்டமான ஆல்கஹால்கள். நுரை இறங்கத் தொடங்கியதும் 20, 21க்கு ஏற்றிவிடுங்கள். தான் விட்ட டைஅசிட்டைலை ஈஸ்ட் தானே தின்று தீர்க்க அந்தச் சூடு தேவை. தீர்க்காவிட்டால் பீரில் வெண்ணெய் மிட்டாய் வாடை நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு தம்ளர் மாதிரியை மூடி, 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு மோந்து பாருங்கள். வெண்ணெய் வாடை வந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூடி சரியாக இறுகாத வாளியில் குமிழியே வராது, பீர் பாட்டுக்கு முடிந்திருக்கும். முடிந்து பல நாள் ஆனபின்னும், அறை சூடேறினால் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான் சாட்சி. எட்டாம் நாள் ஒரு முறை, பத்தாம் நாள் ஒரு முறை. இரண்டும் ஒரே எண், அதுவும் 1.010 முதல் 1.013க்குள் என்றால் முடிந்தது. ஆல்கஹால் சுமார் 4.4 சதவீதம். எடுத்த மாதிரியைக் குடித்துப் பாருங்கள், திரும்ப ஊற்றாதீர்கள்.

1.020இல் முட்டிக்கொண்டு நிற்கிறதா? இரவில் ஹீட்டிங் அணைந்த வீட்டில் கலன் 14 டிகிரிக்கு இறங்கியிருக்கும். எஸ்-04 சட்டென்று அடியில் படியும் ரகம். கலனை மெதுவாகச் சுழற்றி அடிப்படிவை எழுப்பி, 21க்கு ஏற்றி மூன்று நாள் காத்திருங்கள். அப்படியும் அசையாவிட்டால் மேஷ் 70ஐத் தாண்டியிருக்கலாம். நொதிக்க முடியாத சர்க்கரைக்கு ஈஸ்ட் என்ன செய்யும்?

பாட்டிலில் அடைத்தல்

இனிமேல் காற்று எதிரி. சளசளப்பில்லாமல், குழாய் முனை திரவத்துக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். காற்று பட்ட பீர் மூன்று வாரத்தில் ஈர அட்டைப்பெட்டி வாடை அடிக்கும்.

பிட்டருக்கு லேசான வாயு போதும், 2 கொள்ளளவு, அதாவது லிட்டர் பீரில் 2 லிட்டர் கரியமில வாயு. 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே 0.85 கரைந்திருக்கும். மீதிக்கு 20 லிட்டருக்கு 90 கிராம் வெள்ளைச் சர்க்கரை. ஒரு தம்ளர் நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் காலி வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரை அமைதியாக இறக்குங்கள், தானே கலந்துகொள்ளும். பாட்டிலுக்குப் பாட்டில் கரண்டியால் சர்க்கரை போட்டால் ஒன்று சப்பென்றும் ஒன்று பீறிட்டும் வரும்.

40 அரை லிட்டர் பாட்டில்கள், பழுப்பு நிறம். தெளிந்த கண்ணாடியிலும் பச்சையிலும் வெயில் பட்டால் ஹாப்ஸ் கசப்பு சிதைந்து ஸ்கங்க் நாற்றம் எடுக்கும். நொதிப்பு முடியாமல் அடைப்பதுதான் உண்மையான ஆபத்து. மிஞ்சிய ஒவ்வொரு புள்ளியும் அரைக் கொள்ளளவு வாயு. 1.012க்குப் போக வேண்டியது 1.016இல் அடைக்கப்பட்டால் 2 என்பது 4 ஆகும், சாதாரண பீர் பாட்டில் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. சர்க்கரையோடு ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். அமுக்கிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலுக்கே தெரியும். கல்லாக இறுகிவிட்டால் மற்றவற்றைத் துணியால் மூடிக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

20 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு குளிர்ச்சியான இருட்டில் ஒரு வாரம். குடிக்கையில் 12 டிகிரி போல இருக்கட்டும், ஐஸ்போலக் குளிர்ந்தால் கோல்டிங்ஸின் மணம் மூக்குக்கு எட்டாது. ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, அடியில் விரலளவு ஈஸ்ட் கலங்கி வரும்போது நிறுத்திவிடுங்கள். காலியானதும் அப்போதே வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைக்கவும். காய்ந்த ஈஸ்ட்டைச் சுரண்டுவது அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும்.